கைப்பிடி உறை

சக்கரத்துக்குக் காற்றடிக்கிறோம், சங்கிலிக்கு எண்ணெய் விடுகிறோம், பிரேக் கட்டை தேய்ந்தால் அன்றைக்கே கடைக்கு உருட்டிக்கொண்டு போகிறோம். ஆனால் ஏறியது முதல் இறங்கும் வரை உள்ளங்கைகள் இரண்டும் விடாமல் பற்றியிருக்கும் கைப்பிடி உறையை மட்டும், அது வெடித்து, பிசுபிசுத்து, நுனி கிழிந்து, உள்ளிருக்கும் இரும்பு தெரிகிற அவஸ்தையை அடைந்த பிறகும் நம்மில் பெரும்பாலோர் பொருட்படுத்துவதில்லை. என் சைக்கிளுக்கு அந்தக் கதி நேர்ந்து ஒரு மழைக்காலம் கழிந்தது. உள்ளங்கைக் கறுப்பை வேட்டியில் துடைத்துக்கொள்ளும் என் வழக்கத்துக்கு வீட்டில் பலத்த கண்டனம் எழுந்த பிறகே எனக்கு ஞானோதயம் உண்டாயிற்று.

ரப்பர் உறை வெயிலாலும் காற்றிலுள்ள ஓசோனாலும் இறுகி வெடிக்கிறது. பிளாஸ்டிக் உறையிலோ, மென்மைக்கென்று சேர்த்த எண்ணெய் போன்ற வஸ்து நாளடைவில் மேலே கசிந்து பிசுக்காகிறது. ஆகையால் எத்தனை முறை கழுவினாலும் அது மறுபடி வந்துவிடும். அசௌகரியம் இதோடு நிற்பதில்லை. சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் செல்லும் நரம்பு உள்ளங்கையின் அடிப்புறத்தில் ஓடுவதால், மெத்தென்ற உறையில்லாத வெறும் குழாயில் நெடுநேரம் கையை ஊன்றினால் அவ்விரு விரல்களும் மரத்துப்போகும்.

பழைய உறையைக் கழற்றுவதில் பிரமாதமான வித்தை ஒன்றுமில்லை: பிளேடால் நீளவாக்கில் கீறி, வாழைப்பட்டையை உரிப்பதுபோல உரித்துவிடலாம். மாட்டுவதில்தான் சூட்சுமம். குழாயின் குறுக்களவு சாதாரணமாக 22 மில்லிமீட்டர். உறையின் துவாரம் அதைவிடச் சற்றுக் குறுகலாக இருப்பதும், அந்த இறுக்கமே அதைப் பிடித்து நிறுத்துவதும் அறியாமல், அது ஏற மறுத்தபோது நான் தாராளமாகத் தேங்காயெண்ணெய் தடவினேன். வெண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு ஏறியது. மறுநாள் பாலத்து இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபோது, அதே வழுக்கலோடு என் கையில் சுழன்று, பாதி வெளியே வந்துவிட்டது. கடைக்காரர் உறைக்குள் விரலை விட்டு முகர்ந்து பார்த்துச் சிரித்தார்.

“எண்ணெய் போட்டீங்களா சார்? அது காயவே காயாதே!”

துரு போகக் குழாயை உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பசையை ஸ்பிரிட்டால் துடைத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த புது உறையைத் திருகித் திருகி ஏற்றிய அவர், “ராத்திரி பூரா அப்படியே விட்டுடுங்க” என்றார். தண்ணீர் உலர்ந்ததும் உறை குழாயைக் கவ்விக்கொண்டது, இன்றுவரை அசையவில்லை.

கிழிந்த நுனியிலுள்ள அபாயத்தை நான் அதுகாறும் எண்ணிப் பார்த்ததேயில்லை. சைக்கிளோடு விழும் குழந்தையின் வயிற்றில் கைப்பிடி முனை குத்துவதால் கல்லீரலும் கணையமும் காயப்படுவதுண்டு. வெளியே சிறு கன்றலைத் தவிர வேறொன்றும் தெரியாமலும் போகலாம். உறையின் மூடிய நுனிதான் அந்த இரும்பு விளிம்புக்குக் கவசம். உங்கள் வீட்டில் குழந்தைகளின் சைக்கிள் இருக்குமாயின், இன்று மாலையே அதன் இரு முனைகளையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். இரும்பு தட்டுப்பட்டால் நாளைக்கென்று தள்ளாதீர்கள்.