மெட்ராஸில் ஒரு ஆர்கெஸ்ட்ரா இருந்தது

தமிழில் 'ஆர்கெஸ்ட்ரா' என்ற சொல்லுக்கு ஒரு பொருள்தான் நிலைத்திருக்கிறது. கல்யாண ரிசப்ஷன் மேடை, ஒரு கீபோர்டு, ரிதம் பேட், தபலா, இரண்டு பாடகர்கள். "ரிசப்ஷனுக்கு ஆர்கெஸ்ட்ரா உண்டா?" என்று கேட்டால் யாருக்கும் வேறு எதுவும் தோன்றாது. அறுபது எழுபது பேர் உட்கார்ந்து, எழுதிய தாளைப் பார்த்து ஒரே மூச்சில் வாசிக்கும் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா என்றால் அது லண்டன், வியன்னா, டோக்கியோ சமாச்சாரம். நம்ம ஊரில் அப்படி ஒன்று இருந்ததே கிடையாது என்பது பொது எண்ணம். அது பாதிதான் சரி என்பது என் கட்சி.

டோக்கியோவின் என்.எச்.கே. சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் கதையைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் கேள்வி வந்தது. ஆகவே அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அந்தக் குழு 1926 அக்டோபரில் 'நியூ சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா' என்ற பெயரில் தொடங்கியது. தொடங்கி வைத்தவர் ஹிதேமாரோ கொனோயே, பிரபு குடும்பத்துக்காரர். அடுத்த பிப்ரவரியிலேயே சந்தாதாரர் கச்சேரிகள் ஆரம்பித்துவிட்டன. நம்ம சபாக்களில் சீசன் டிக்கெட் வாங்குகிறோமே, ஏறக்குறைய அதே ஏற்பாடு. 1936-இல் ஜோசஃப் ரோசன்ஸ்டாக் என்ற கண்டக்டர் வந்து சேர்ந்தார். யூதர் என்பதால் நாஜி ஜெர்மனியில் இருக்க முடியாமல் போனவர். குழுவைக் கடுமையாகப் பழக்கி எடுத்தது அவர்தான் என்று சொல்வார்கள். 1942-இல் பெயர் மாறியது. 1951-இல் தேசிய வானொலியான என்.எச்.கே.யின் பெயரோடு இன்றைய பெயர் வந்தது. 1954-இல் கராயன் வந்து நடத்தினார். 1960-இல் உலகச் சுற்றுப்பயணம். 2023 டிசம்பரில் 2000-ஆவது சந்தா கச்சேரி, மாலரின் எட்டாவது சிம்பொனி.

இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த 2000 என்ற எண். முதல் கச்சேரியிலிருந்து ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கிறார்கள். போர் வந்தது, ஊர் எரிந்தது, எண் தொடர்ந்தது.

ஜப்பான் திடீரென்று இங்கே வந்து சேரவில்லை. 1879-லேயே பள்ளிகளில் எந்த இசையைச் சொல்லித்தருவது என்று ஆராய அரசாங்கமே ஒரு அலுவலகம் வைத்தது. மேற்கத்திய இசை பாடத்திட்டம் வழியாகப் பிள்ளைகளின் காதுக்குள் போனது. அரை நூற்றாண்டு கழித்து ஆர்கெஸ்ட்ரா வந்தபோது வாசிக்கவும் ஆள் இருந்தது, கேட்கவும் ஆள் இருந்தது.

அதே சமயம் மெட்ராஸில் என்ன நடந்தது? 1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாட்டையொட்டி ஓர் இசை மாநாடு நடந்தது. அதன் விளைவாக 1928-இல் மியூசிக் அகாடமி பிறந்தது. டோக்கியோ ஒரு பக்கம் போனது, மயிலாப்பூர் வேறு பக்கம் போனது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்களிடம் ஏற்கெனவே ஒரு சாஸ்திரிய இசை நன்றாக நடந்துகொண்டிருந்தது. அதைக் காப்பாற்றவே அகாடமி வந்தது. மேற்கத்திய இசைக்கு இங்கே ஒரு சின்ன உலகம்தான். 1893-இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் பாடகர் குழு, தேவாலயங்கள், எழும்பூர் மியூசியம் தியேட்டர். அந்தப் பாடகர் குழுவை நெடுங்காலம் நடத்திய ஹாண்டல் மானுவேல் ஆல் இந்தியா ரேடியோவிலும் மேற்கத்திய இசையைக் கவனித்துக்கொண்டார்.

ரேடியோ இங்கேயும் ஒரு ஆர்கெஸ்ட்ரா வைத்துப் பார்த்தது. 1952-இல் டில்லியில் தேசிய வாத்திய விருந்தா தொடங்கியது. ஹிந்துஸ்தானி பக்கம் ரவிசங்கர், கர்னாடக பக்கம் டி.கே. ஜெயராம ஐயர். பின்னால் ஈமனி சங்கர சாஸ்திரியும் அதற்கு நிறையச் செய்தார். ஆனால் அந்தக் குழு ஒரு அடிப்படைச் சிக்கலில் மாட்டியது. கர்னாடக இசையில் ஒரு ஸ்வரம் என்பது நிற்கும் புள்ளி அல்ல. கமகத்தோடு அசையும் ஒரு பாதை. இரண்டு வித்வான்களின் காம்போதி ஒரே மாதிரி அசையாது, அசையவும் கூடாது, அதுதானே அழகு. இருபது பேரைச் சேர்ந்து வாசிக்கச் சொன்னால் ஒன்று கமகத்தைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் பிசிறடிக்கும்.

இந்தச் சிக்கலை மெட்ராஸில் தீர்த்தவர்கள் சபாவிலும் இல்லை, ரேடியோவிலும் இல்லை. கோடம்பாக்கத்தில் இருந்தார்கள்.

ஜெமினி மாதிரியான ஸ்டுடியோக்கள் மாதச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. நடிகர், எழுத்தாளர், தச்சர், வாத்தியக்காரர் எல்லாரும் ஒரே சம்பளப் பட்டியலில். மேலே சொன்ன ஈமனியும் ஜெமினியில் வேலை பார்த்தவர்தான். ஸ்டுடியோ முறை தளர்ந்த பிறகு வாத்தியக்காரர்கள் கால்ஷீட்டுக்கு வாசிப்பவர்கள் ஆனார்கள். விஸ்வநாதன்–ராமமூர்த்தி காலத்துப் பாட்டெல்லாம் மோனோ ஒலிப்பதிவு. பாடகர், வயலின்கள், தபலா, குழல் எல்லாரும் ஒரே நேரத்தில் வாசித்தாக வேண்டும். கடைசி வரியில் ஒருத்தர் தப்பினால் எல்லாரும் மறுபடி முதலிலிருந்து. ஹென்றி டேனியல், ஜோசப் கிருஷ்ணா போன்ற உதவியாளர்கள் ஸ்டாஃப் நோட்டேஷனை இந்த அறைகளுக்குள் கொண்டுவந்தார்கள். ராமமூர்த்தியே வயலின்காரர் என்பதையும் மறந்துவிடக்கூடாது.

இதற்கு ஒரு பள்ளிக்கூடமும் இருந்தது. கட்டடம் இல்லை, போர்டு இல்லை. மயிலாப்பூரில் சாய் லாட்ஜ் என்ற விடுதியில் ஒரு அறை, அதில் தன்ராஜ் மாஸ்டர். பியானோ, கிடார், ஹார்மனி, நோட்டேஷன் எல்லாம் அங்கேதான். 1968-இல் ஊரிலிருந்து வந்த இளையராஜா அங்கே படித்தார், பிறகு ரஹ்மானும். டோக்கியோவில் அரசாங்கம் செய்த வேலையை இங்கே ஒரு லாட்ஜ் அறையில் ஒரு மனிதர் செய்தார் என்றால் கொஞ்சம் மிகைதான். ரொம்ப மிகை இல்லை.

1976-இல் 'அன்னக்கிளி'. அதன் பிறகு ஏறக்குறைய இருபது வருஷம் மெட்ராஸில் ஒரு முழுநேர ஆர்கெஸ்ட்ரா இயங்கியது என்பதுதான் நான் சொல்ல வந்தது. காலை 7 மணி கால்ஷீட். ரீரெக்கார்டிங் என்றால் படத்தை ரீல் ரீலாகத் திரையில் ஓட்டுவார்கள். ஒரு ரீல் பத்து நிமிஷம் போல. இசையமைப்பாளர் ஒரு தடவை பார்த்துவிட்டு, உட்கார்ந்து நேராகத் தாளில் எழுதுவார். வாத்தியக்காரர்கள் தங்கள் பகுதியைக் காப்பி எடுத்துக்கொள்வார்கள். ஓரிரு ஒத்திகை, டேக், அடுத்த ரீல். 80-களில் சில வருஷங்களில் இளையராஜாவுக்கு மட்டும் நாற்பது படங்களுக்கு மேல். பார்த்தவுடன் வாசிக்கும் திறமையில் எந்த ஊர்க் குழுவோடும் இவர்களை நிறுத்தலாம். இவர்களுக்கு ஒத்திகை என்ற ஆடம்பரமே கிடையாதே!

இவர்கள் கை எப்படிப் பழகியிருந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கர்னாடக வயலின்காரர் தரையில் சம்மணமிட்டு, வயலினின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி வாசிப்பார். வயலின் அசையாமல் நிற்கும், இடது கை தந்தியின் மேல் தாராளமாக வழுக்கி ஓடும். கமகம் பிறப்பது அதில்தான். ஸ்டுடியோவில் நாற்காலி, வயலின் தாடைக்குக் கீழே. எல்லா வில்லும் ஒரே திசையில் போக வேண்டும், எல்லா விரலும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். மெட்ராஸ் வயலின் செக்ஷனில் பலருக்கு இரண்டும் கைவந்திருந்தது. 'இங்கே நேர் ஸ்வரம், இங்கே ராகத்தோட' என்று சொன்னால் போதும். வாத்திய விருந்தா தடுக்கி நின்ற இடத்தை இவர்கள் தினமும் தாண்டிப் போனார்கள். 1986-இல் வந்த 'ஹவ் டு நேம் இட்?' கேட்டால் தெரியும். தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் செய்த தொகுப்பு. தனி வயலின் வி.எஸ். நரசிம்மன். அவருக்குப் பின்னால் வாசிப்பவர்கள் வாரம் முழுக்கச் சண்டைக் காட்சிக்கும் சோகக் காட்சிக்கும் வாசித்த அதே ஆட்கள்தான்.

அப்புறம் என்ன ஆச்சு? டிராக் டிராக்காகப் பதிவு செய்யும் முறை வந்ததும் எல்லாரும் ஒன்றாக உட்கார வேண்டிய அவசியம் போனது. சின்தசைஸர் வந்ததும் முப்பது வயலினுக்குப் பதில் ஒரு விசைப்பலகை போதும் என்றானது. 92-இல் 'ரோஜா'வோடு கணினி இசை நிலைத்தது. ரஹ்மான்மேல் பழி போடுவது சிலருக்குப் பொழுதுபோக்கு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்தத் தொழிலிலும் நடந்ததுதான் இங்கேயும் நடந்தது. வேடிக்கை என்னவென்றால், பெரிய பட்ஜெட்டில் மறுபடி உண்மையான வயலின் சத்தம் வேண்டும் என்றானபோது புடாபெஸ்டுக்கும் மாசிடோனியாவுக்கும் போனார்கள். அங்கே அரசாங்கச் சம்பளத்தில் வளர்ந்த குழுக்கள் அப்படியே இருந்தன. சுத்தமாக வாசிப்பார்கள். 'ராகத்தோட' என்று சொன்னால் புரியாது, அவ்வளவுதான்.

இளையராஜாவே தன் முதல் சிம்பொனியை 1993-இல் பதிவு செய்தது லண்டன் ராயல் ஃபில்ஹார்மனிக்கோடு. அது இன்று வரை வெளிவரவில்லை. 2025 மார்ச் 8 அன்று 'வேலியன்ட்' சிம்பொனி மேடையேறியதும் லண்டனில்தான். எழுதியவர் நம்ம ஊர், தாள் நம்ம ஊர், வாசிக்க ஒரு நிலையான குழு மட்டும் நம்ம ஊரில் இல்லை.

இருந்த குழுவை வைத்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. தோன்ற வேண்டியது யாருக்கு? தயாரிப்பாளருக்குப் படம் முடிந்தால் வேலை முடிந்தது. ரேடியோ சினிமா ஆட்களைச் சீண்டவில்லை. சபாக்களுக்கு அது சினிமா சங்கீதம். டோக்கியோவில் வானொலி மாதா மாதம் பணம் கொடுத்தது, சந்தாதாரர் வருஷா வருஷம் வந்தார். இங்கே ஒவ்வொரு நாளும் ஒரு கால்ஷீட். கால்ஷீட் நின்ற அன்றைக்குக் குழுவும் நின்றது. சங்கம் இருந்தது, கூலிக்கும் உறுப்பினர் அட்டைக்கும். கச்சேரி நடத்துவது அதன் வேலை இல்லையே.

மிச்சம் எதுவும் இல்லை என்று சொல்ல மாட்டேன். நரசிம்மன் தன் ஸ்டுடியோ சகாக்களைச் சேர்த்து மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட் தொடங்கினார். கீர்த்தனைகளை இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோவுக்கு எழுதி வாசித்தார்கள். கமகம் குறையாமல் ஹார்மனி வைக்க முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். ரஹ்மான் 2008-இல் கே.எம். இசைக் கல்லூரி தொடங்கினார். வசதியில்லாத பிள்ளைகளுக்கு இலவசமாகச் சொல்லித்தரும் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ராவும் அதையொட்டி வந்தது. 1879-இல் ஜப்பான் செய்தது போன்ற வேலை, ஒரு தனிமனிதர் செலவில்.

பழைய இசைத்தட்டு உறைகளை எடுத்துப் பார்த்தால் இயக்குநர், பாடலாசிரியர், பாடகர், இசை என்று இருக்கும். மற்றவர்களுக்கு பெரும்பாலும் இடமே இருக்காது. அந்த வயலின் செக்ஷனில் மூன்றாவது நாற்காலியில் இருந்தவர் யார் என்று தெரிய வேண்டுமென்றால், இப்போதைக்கு ஒரே வழி, இன்னும் நம்மோடு இருக்கும் முதிய வாத்தியக்காரர்களிடம் போய்க் கேட்டு எழுதிக்கொள்வதுதான்.