பத்து லட்சம் பிரதிகள்: வாங்கியவர் யார்?

அமெரிக்காவில் 'ராப்' என்றொரு வகைப் பாட்டு ஐம்பது வருஷங்களுக்கு மேலாக வழங்கி வருகிறது. நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், 1973-ம் வருஷம் வாக்கில், கறுப்பின இளைஞர்கள் கூடிய விருந்துகளில் அது தோன்றிற்று. ராகத்தை இழுத்துப் பாடாமல், தாளத்தின்மேல் சொற்களை அடுக்கி, எதுகை பொருந்த விரைந்து உரைப்பதே அதன் லக்ஷணம். அதைச் சங்கீதமென்று ஒப்புக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் நமது நண்பர்களிலேயே உண்டு. அந்த விவாதத்தில் நாம் இன்று புகப்போவதில்லை. அப்பாட்டை விற்றுப் பெரும்பொருள் ஈட்டிய ஒருவரின் வியாபாரத்தைப் பற்றியே எழுத விரும்புகிறோம். விற்பனை என்றால் என்ன என்ற கேள்வி அதில் அடங்கியிருக்கிறது.

ஜே-ஸீ என்று பிரசித்தி பெற்ற ஷான் கார்ட்டர் 1969-ல் புரூக்லினில் பிறந்தவர். மார்ஸி ஹௌஸஸ் என்னும் ஏழைகள் குடியிருப்பில் வளர்ந்தவர். வாலிபத்தில் போதை மருந்து விற்றதை அவர் மறைத்ததில்லை. பாட்டுகளில் விஸ்தாரமாகவே சொல்லியிருக்கிறார். அந்த வாழ்க்கையில் மெச்சுவதற்கு யாதொன்றும் இல்லை. ஆனால், இசைத்தட்டுக் கம்பெனிகள் அவரை ஏற்க மறுத்தபோது அவர் செய்த காரியம் கவனிக்கத் தக்கது. டேமன் டாஷ், கரீம் பர்க் என்ற இருவரைக் கூட்டாளிகளாகக் கொண்டு 1995-ல் ராக்-அ-ஃபெல்லா என்ற கம்பெனியைத் தாமே ஸ்தாபித்தார். மோட்டாரின் பின்பெட்டியில் வைத்துத் தம் பாட்டை விற்றவர் அவர். 1996 ஜூன் 25-ல் 'ரீஸனபிள் டவுட்' என்ற முதல் ஆல்பம் வெளிவந்தது. கிரிமினல் கோர்ட்டில் நாள்தோறும் காதில் விழும் அச்சொற்றொடர் ஓர் ஆல்பத்துக்குப் பெயராக வாய்த்தது வக்கீல்களாகிய எம்மனோர்க்குச் சற்று வேடிக்கையாகவே இருக்கிறது. 'பில்போர்டு' பத்திரிகையின் ஜாபிதாவில் அது 23-வது இடத்துக்கு மேல் ஏறவில்லை.

ஆயினும் கம்பெனியில் அவருக்குச் சொந்தப் பங்கு இருந்தது. இதன் அருமையை உணர அந்நாட்டின் பழைய கதை சிறிது தெரிந்திருக்க வேண்டும். 1920-களில் கீர்த்தியின் சிகரத்திலிருந்த பெஸ்ஸி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகிக்குக் கம்பெனி கொடுத்தது, பதிவு ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. எத்தனை தட்டு விற்றாலும் அவருக்கு அதில் பங்கில்லை. குரல் ஒருவருடையது, பாத்தியதை மற்றொருவருடையது என்ற அந்த ஏற்பாட்டில் ஏழையாய் மாண்ட கலைஞர்கள் பலர். சுதேசியம் பேசிய நாட்டினரான நமக்கு, தன் சரக்கைத் தானே விற்பேன் என்று ஒருவர் புறப்பட்டதில் அனுதாபம் உண்டாவது இயல்பே.

பின்னர் வந்த வெற்றிகளை வளர்த்துவானேன்? 1998-ல் வெளியான மூன்றாவது ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 50 லட்சத்துக்கு மேல் விற்றது. 'தி புளூபிரின்ட்' வெளியான தினம் 2001 செப்டம்பர் 11. நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் தகர்ந்த அதே தினம். அந்த வாரத்திலும் அது 4 லட்சத்துக்கு மேல் விலைபோயிற்று. 2009-ல் அவருடைய 11-வது ஆல்பம் ஜாபிதாவில் முதலிடம் பெற்று, எல்விஸ் பிரெஸ்லியின் பத்து என்ற கணக்கைத் தாண்டிற்று. இடையில் டெஃப் ஜாம் கம்பெனியின் தலைமைப் பதவியை ஏற்றபோது, தம் பழைய ஒலிப்பதிவுகளின் உரிமை காலக்கிரமத்தில் தமக்கே மீள வேண்டுமென்று ஷரத்துப் போட்டுக்கொண்டார். புத்திசாலித்தனமான ஷரத்து என்றே சொல்வோம்.

நிற்க. இப்படித் தம் உரிமையை அங்குலமும் விடாது காத்த மனிதர் 2013-ல் செய்ததுதான் நமது ஆக்ஷேபத்துக்கு உரியது. 'மேக்னா கார்ட்டா ஹோலி கிரெய்ல்' என்ற ஆல்பத்தின் 10 லட்சம் பிரதிகளை, பிரதிக்கு 5 டாலர் வீதம், ஸாம்ஸங் கம்பெனி முன்கூட்டியே வாங்கிற்று. தன் கைப்பேசி வைத்திருப்பவர்களுள் முந்திக்கொண்ட 10 லட்சம் பேருக்கு, ஒரு செயலியின் மூலம், ஜூலை 4-ல் அவற்றை இனாமாகக் கொடுத்தது. ஏனையோர் சில தினங்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. பாட்டை ஒருவரும் கேட்பதற்கு முன்னரே 50 லட்சம் டாலர் வந்துவிட்டது!

இது விற்பனையா? அமெரிக்க இசைப்பதிவுத் தொழிற்சங்கம் ஆம் என்றது. 10 லட்சம் பிரதி விற்ற ஆல்பத்துக்கு 'பிளாட்டினம்' என்று சான்று வழங்கும் ஸ்தாபனம் அது. வெளியான 30 தினங்களுக்குப் பிறகே கணக்கெடுப்பது என்ற விதியை, தட்டாக அன்றி இணையவழி விற்கும் பிரதிகளுக்கு, அந்தச் சமயம் பார்த்து அது தளர்த்திற்று. கடைக்காரர் விற்காத தட்டைத் திருப்பி அனுப்புவார், இணையப் பிரதி திரும்பி வராது என்று அதற்குக் காட்டிய காரணம் நியாயமானதே. 'பில்போர்டு' பத்திரிகையோ, ஜனங்கள் காசு கொடுத்து வாங்காததைக் கணக்கில் சேர்க்க மாட்டோம் என்று மறுத்துவிட்டது.

பில்போர்டு செய்ததே சரி என்பது நமது அபிப்பிராயம். பத்திரிகை நடத்தும் எமக்கு இந்தப் பேதம் நன்கு தெரியும். அச்சிட்ட பிரதி வேறு. விற்ற பிரதி வேறு. ஒரு முதலாளி ஆயிரம் பிரதிகளை மொத்தமாக வாங்கித் தெருவில் இறைத்தால் எமது பணப்பெட்டி நிறையும். வாசகர் தொகை பெருகிற்று என்று விளம்பரதாரரிடம் நாம் சொன்னால் அது பொய். இதற்காகவே இந்நாட்டில் 1948-ல் ஆடிட் பீரோ ஆஃப் சர்க்குலேஷன்ஸ் ஏற்பட்டது. ஜே-ஸீக்கோ இந்த உபாயம் தேவைப்படவுமில்லை. இனாம் பிரதிகளை விலக்கியே முதல் வாரத்தில் 5 லட்சத்து 28 ஆயிரம் விற்று, ஜாபிதாவில் முதலிடமும் அடைந்தார்.

இனாம் என்றோம், அதுவும் முழுவதும் சரியன்று. அந்தச் செயலியைப் பெற விரும்பியவர், தாம் இருக்கும் இடம், கைப்பேசியின் அடையாளம், அழைப்பு விவரம், அதில் பதிந்த கணக்குகள் ஆகியவற்றைப் பார்க்க அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. பாட்டின் சாகித்தியத்தைப் படிக்க வேண்டுமானால், ஃபேஸ்புக்கிலோ டுவிட்டரிலோ தம் பெயரால் அதற்கு விளம்பரம் செய்ய வேண்டும். அந்தரங்க உரிமைக்காகப் பாடுபடும் எபிக் என்ற சங்கம் அதே ஜூலை மாதத்தில் மத்திய வர்த்தகக் கமிஷனிடம் புகார் கொடுத்தது. புகாருக்கு ஆதாரமில்லை என்று ஸாம்ஸங் மறுத்தது. சட்டப்படி எப்படியாயினும், கேட்பவர் கொடுத்த விலை இன்னதென்பது வெளிப்படை. 1215-ல் இங்கிலாந்தின் மன்னனிடமிருந்து பிரபுக்கள் பெற்ற உரிமைச் சாசனத்தின் பெயரை இதற்குச் சூட்டியதுதான் விசித்திரம். அச்சாசனத்தின் மூலப்பிரதி ஒன்று ஸாலிஸ்பரி தேவாலயத்தில் இருக்கிறது. ஆல்பத்தின் மேலட்டையை அதனருகிலேயே வைத்துக் காட்டினார்கள்!

2017-ல் '4:44' என்ற ஆல்பத்துக்கும் ஏறக்குறைய இதே வழிதான். ஸ்பிரின்ட் என்ற தொலைபேசிக் கம்பெனி வாடிக்கைக்காரருக்கு இனாமாக வழங்கிற்று. ஒரு வாரத்துக்குள் பிளாட்டினம் சான்று கிடைத்தது. 2019-ல் ஃபோர்ப்ஸ் பத்திரிகை, ஹிப்-ஹாப் கலைஞர்களுள் நூறு கோடி டாலர் சொத்துச் சேர்த்த முதல்வர் இவரே என்று எழுதிற்று.

அவருடைய முதல் ஆல்பத்தின் கதை இன்னும் முடியவில்லை. ராக்-அ-ஃபெல்லாவில் டேமன் டாஷுக்கு இருந்த மூன்றில் ஒரு பங்கு, அவருடைய கடன்களுக்காக 2024 நவம்பரில் ஏலத்துக்கு வந்தது. 'ரீஸனபிள் டவுட்'டின் பாத்தியதையே அக்கம்பெனியின் பிரதான சொத்து. ஏலத்தில் எடுத்தது, வரி பாக்கிக்குரிய நியூயார்க் ராஜ்ய சர்க்கார்! அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டமோ, ஆக்கியோன் எழுதிக் கொடுத்த உரிமையை 35 வருஷங்களுக்குப் பின் திரும்பப் பெற இடம் தருகிறது. கூலிக்குச் செய்து கொடுத்த வேலைக்கு மட்டும் அது பொருந்தாது. அந்த ஆல்பத்துக்கு 35 வருஷம் நிறைவது 2031-ல். கார்ட்டர் அப்போது அதைக் கோருவாராயின், சர்க்கார் ஏலத்தில் எடுத்த பங்கின் மதிப்பு என்னவாகும் என்பதை நியூயார்க் வக்கீல்கள் இப்பொழுதே யோசிக்கத் தொடங்கியிருப்பார்கள்.