கிளினிக்கை மூடாமல் முனைவராவது

வேலையை விடாமல், வீட்டிலிருந்தே படித்து, பிசியோதெரபியில் டாக்டர் பட்டம் வாங்கலாம் என்று கைப்பேசியில் வரும் விளம்பரங்கள் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து பிசியோதெரபிஸ்டுகளுக்குப் புதிதல்ல. இந்திய விதிகளின்படி அப்படி ஒரு பட்டம் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு தொலைநிலை, இணையவழிக் கல்வி விதிகள் மருத்துவம், நர்சிங், பார்மசியோடு பிசியோதெரபியையும் விலக்கியே வைத்திருக்கின்றன. பாடம் எதுவானாலும் பிஎச்டியை ஆன்லைனில் நடத்தக் கூடாது என்பது இன்னொரு தடை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கைகோத்து ஆன்லைன் பிஎச்டி விற்கிற நிறுவனங்களிடம் ஏமாற வேண்டாம் என்று மானியக் குழுவும் ஏஐசிடிஇயும் 2022 அக்டோபரில் சேர்ந்தே எச்சரித்தன. இவ்வளவுக்குப் பிறகும் விளம்பரம் ஓடுகிறது என்றால் வாங்க ஆள் இருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். அவர்கள் எல்லாரும் பெயருக்கு முன்னால் இரண்டெழுத்துப் போட ஆசைப்படுகிறவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. நோயாளி பார்த்துக்கொண்டே மேலே படிக்க விரும்புகிறவருக்குப் பொருந்தும் முறையான வழி ஒன்றை நாம் திறந்து வைக்கவில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் அந்த வழி உண்டு. அங்கே கிரெய்ட்டன் பல்கலைக்கழகம் 1993இல் பிசியோதெரபியின் அடிப்படைப் படிப்பையே டாக்டர் நிலையில் தொடங்கியது. 2016 முதல் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகள் எல்லாமே டிபிடி எனப்படும் அந்தப் பட்டத்தைத்தான் தர வேண்டும் என்றாகிவிட்டது. அதற்கு முன்பே இளநிலையோ முதுநிலையோ முடித்து லைசென்ஸோடு வேலை பார்த்துவந்தவர்களுக்காக வந்தது 'டிரான்சிஷனல் டிபிடி'. சேருகிறவர் ஏற்கெனவே நோயாளியைத் தொட்டுப் பழகியவர் என்பதால் கைத்திறனை அரிச்சுவடியிலிருந்து சொல்லிக்கொடுப்பதில்லை. ஸ்கேன் படத்தைப் புரிந்துகொள்வது, மருந்துகளின் விளைவை அறிவது, இது சாதாரண முதுகுவலி இல்லை, உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று இனம் காண்பது, ஓர் ஆய்வுக் கட்டுரை நம்பத் தக்கதா என்று எடைபோடுவது, இவைதான் பாடம். பெரும்பகுதி ஆன்லைனில் நடக்கும். இந்தியாவில் பிபிடி எனும் இளநிலைப் படிப்பை முடித்து அங்கே போனவர்களும் சேர்கிறார்கள். தெரிந்து சேர்ந்தால் தவறில்லை. அந்தப் பட்டம் அமெரிக்க லைசென்ஸ் ஆகாது. அதற்குச் சான்றிதழ் சரிபார்ப்பும் என்பிடிஇ தேர்வும் தனியாக உண்டு. அது தொழில்முறைப் பட்டமே தவிர ஆராய்ச்சிப் பட்டம் இல்லை என்பதால், இங்கே வந்து பிஎச்டி என்று காட்டவும் முடியாது.

பத்து வருஷம் கை வைத்துப் பார்த்தவருக்கு மேற்கொண்டு படிப்பு எதற்கு என்று கேட்கலாம். அனுபவம் தானாகவே திறமையாக மாறிவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் பலவீனமாகத்தான் இருக்கிறது. மருத்துவர்களின் அனுபவ ஆண்டுகளையும் சிகிச்சையின் தரத்தையும் ஒப்பிட்ட 62 ஆய்வுகளை 2005இல் ஹார்வர்டைச் சேர்ந்தவர்கள் தொகுத்துப் பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்டவற்றில் ஆண்டுகள் கூடக் கூடத் தரம் குறைந்திருந்தது. பிசியோதெரபியிலேயே லிண்டா ரெஸ்னிக், கெயில் ஜென்சன் இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு, நோயாளிகளுக்குக் கிடைத்த பலனை வைத்துத் தெரபிஸ்டுகளைத் தரம் பிரித்தது. சிறந்தவர்களைச் சாதாரணமானவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது சர்வீஸ் வருஷம் இல்லை. தன் வேலையைத் தானே கேள்வி கேட்கும் பழக்கமும் அறிவைத் தேடிச் சேர்க்கும் பழக்கமும்தான்.

கேள்வி கேட்கக் கொங்கு நாட்டில் விஷயத்துக்குப் பஞ்சமில்லை. சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக் கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொள்வார். சிமெண்ட் தரையில் நின்றபடியே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடப்பார். தார் தீர்ந்தால் நாடாவில் வேறு தார் போடுவார். பாவு இழை அறுந்தால் தறிமேல் எட்டிக் குனிந்து, அறுந்த இடத்தைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுவார். ஒரு ஷிஃப்ட்டில் எத்தனை முறை அப்படிக் குனிகிறார், எவ்வளவு நேரம் அந்த நிலையிலேயே நிற்கிறார் என்பது கேஸ் ஷீட்டில் ஏறுவதில்லை. அதில் 'இடுப்பு வலி, கூலி வேலை' என்று இருக்கும். ஐஎஃப்டி மின்சிகிச்சை, டிராக்ஷன், நாலு உடற்பயிற்சி, ரெஸ்ட் எடுங்க என்ற அறிவுரை. ஷிஃப்ட்டை விட்டால் கூலி போய்விடும் என்பதால் ரெஸ்ட் மட்டும் நடக்காது. முதுகுவலியால் வரும் முடக்கத்தை அளக்க உலகமெங்கும் பயன்படும் ஆஸ்வெஸ்ட்ரி கேள்வித்தாள் நடப்பது, உட்காருவது, நிற்பது, எடை தூக்குவது, தூங்குவது, பயணம் போவது பற்றியெல்லாம் கேட்கிறது. தறிமேல் எட்டிக் குனிவது பற்றி அதில் ஒரு கேள்வியும் இல்லை. திருப்பூரில் பனியன் செக்கிங் டேபிளில் கழுத்தைக் குனிந்தே நிற்கும் பெண்களுக்கும், கோவை பவுண்டரிகளில் அச்சுப்பெட்டி தூக்குகிறவர்களுக்கும் இதே கதைதான். சென்னையிலோ டெல்லியிலோ உட்கார்ந்து இதை ஆராய வருகிறவர் முதலில் தறிக்காரரின் நம்பிக்கையைச் சம்பாதிக்க வேண்டும். பல்லடத்தில் கிளினிக் வைத்திருப்பவருக்கு அது ஏற்கெனவே இருக்கிறது. அவரை மூன்று வருஷம் கிளினிக்கை மூடிவிட்டு வா என்று சொன்னால், ஆய்வு நடக்க வேண்டிய இடத்திலிருந்தே ஆளைக் கிளப்பிவிடுகிறோம்.

தொட்டுச் செய்யும் வைத்தியத்தைத் திரையில் படிக்கலாமா என்பதுதான் முதலில் வரும் ஆட்சேபம். பிபிடி மாணவருக்கு நிச்சயமாகக் கூடாது. அங்கே தடை நியாயமானது, இருக்கவும் வேண்டும். ஏற்கெனவே பணியில் இருப்பவர்களின் நிலை வேறு. அவர்களுக்கான இணையவழிக் கல்வி பற்றிக் காக்ரேன் அமைப்பு 2018இல் தொகுத்த 16 பரிசோதனைகளில், அறிவிலோ திறமையிலோ வகுப்பறைக்கும் ஆன்லைனுக்கும் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. அவற்றில் இருந்தவர்கள் பெரும்பாலும் பிசியோதெரபிஸ்டுகள் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆகவே முழு ஆன்லைன் வேண்டும் என்று நான் வாதாடவில்லை. பாடம் திரையில், செய்முறை வார இறுதிகளில் கல்லூரியில் என்று கலந்து வைக்கலாம். பிஎஸ்ஜி, கேஎம்சிஹெச், ராமகிருஷ்ணா என்று மருத்துவமனையை ஒட்டிய பிசியோதெரபி கல்லூரிகள் கோவையிலேயே இருக்கின்றன.

'டாக்டர்' என்ற அடைமொழிச் சண்டை அடுத்தது. பிசியோதெரபிஸ்டுகள் அப்படிப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகம் 2025 செப்டம்பரில் எழுதிய கடிதம் மறுநாளே திரும்பப் பெறப்பட்டது. முனைவர் பட்டம் பெற்றவர் போட்டுக்கொள்வதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் போர்டில் பிசியோதெரபிஸ்ட் என்ற சொல்லும் அதே அளவு எழுத்தில் இருக்கட்டும். இவற்றையெல்லாம்விடக் கனமானது பண விஷயம். அமெரிக்காவில் டிபிடி கட்டாயமானதால் மாணவர்களின் கல்விக் கடன் ஏறியது, சம்பளம் அந்த வேகத்தில் ஏறவில்லை என்ற குறையை அந்தத் தொழிலில் இருப்பவர்களே சொல்கிறார்கள். இதை மறுக்க முடியாது. நம் ஊரிலும் பட்டம் வந்துவிட்டது என்பதற்காக யாரும் ஃபீஸைக் கூட்டித் தரப்போவதில்லை. அதனால்தான் இது விரும்புகிறவர் மட்டும் படிக்கும் படிப்பாக இருக்க வேண்டும், வேலைக்கான நுழைவுச் சீட்டாக ஆகக் கூடாது.

இன்றைக்கு முறையாக இருப்பது பகுதிநேர பிஎச்டி ஒன்றுதான். 2022 நவம்பர் 7இல் வந்த மானியக் குழு விதிகள் அதை அனுமதிக்கின்றன. முதுநிலையில் 55 சதவீத மதிப்பெண், குறைந்தது 12 கிரெடிட் பாடம், 3 முதல் 6 வருஷம், பெண்களுக்கு மேலும் 2 வருஷம் வரை சலுகை. ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கு மேல் வழிகாட்டக் கூடாது என்பதால் எல்லாருக்கும் இடம் கிடைத்துவிடாது. வேலை பார்க்கும் நிறுவனத்திடமிருந்து தடையில்லாச் சான்றும் வாங்க வேண்டும்: ஆய்வுக்கு நேரம் தருவோம், தேவைப்பட்டால் பாடம் முடிக்க விடுவிப்போம் என்று அதில் இருக்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் இருப்பவர் எம்.டி. அறைக்குப் போய்க் கேட்கலாம். சொந்தமாகக் கிளினிக் நடத்துகிறவர் தனக்குத் தானே கையெழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். கல்லூரி ஆசிரியரை மனதில் வைத்து எழுதிய விதி அது. பிசியோதெரபி போன்ற துணை மருத்துவத் தொழில்களுக்காக 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய ஆணையம் 2025 ஏப்ரலில் பிசியோதெரபிக்குப் புதிய பாடத்திட்டம் வெளியிட்டது. அடுத்து பணியில் இருப்பவர்களுக்கான தொழில்முறை முனைவர் படிப்பு ஒன்றை அது வகுக்குமானால், விண்ணப்பப் படிவத்தில் இந்தக் கிளினிக்காரருக்கும் ஒரு கட்டம் போட்டாக வேண்டும்.