ஒரே ஓமோன், உறுப்புக்கு உறுப்பு வேறு பணி

இலங்கையில் பெண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களுள் முதலிடம் வகிப்பது மார்பகப் புற்றுநோயாகும். குடாநாடும் இதற்கு விதிவிலக்கன்று. 2011ஆம் ஆண்டு தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை கால்நடையாகச் சென்றோர் திரட்டிய நிதியின் துணையுடன் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. மஹரகமவுக்கான நெடும் பயணம் எம்மவர் பலருக்கு இதனால் தவிர்க்கப்பட்டது. சிகிச்சை அருகில் வந்துவிட்டது. ஆனால், அதுபற்றிய விளக்கம் வீடுகளைச் சென்றடைந்துள்ளதா என்பதே கேள்வியாகும்.

மார்பகப் புற்றுநோயாளர் பலருக்கு 'டமொக்சிபென்' என்னும் மாத்திரை ஐந்து ஆண்டுகளுக்கும், சிலருக்குப் பத்து ஆண்டுகள் வரையும் வழங்கப்படுகின்றது. இம்மாத்திரை கருப்பையில் புற்றுநோயை உண்டாக்கும் என யாரோ கூறக் கேட்டு, வைத்தியரிடம் வினவாமலே அதனை நிறுத்திவிடுவோரும் உளர். இந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. எனினும் அது பாதி உண்மையே. மீதி உண்மையை அறிய, ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மை ஓமோன் தொழிற்படும் விதத்தை அறிதல் வேண்டும்.

ஈஸ்ட்ரோஜன் குருதியோடு கலந்து உடலெங்கும் செல்கின்றது. ஆயினும் எல்லா உறுப்புகளும் அதற்கு ஒரேவிதமாகச் செவிசாய்ப்பதில்லை. சிக்காகோ பல்கலைக்கழகத்தின் எல்வூட் ஜென்சன் 1950களின் பிற்பகுதியில், கதிரியக்க அடையாளமிட்ட ஈஸ்ட்ரோஜனைப் பெண் எலிகளுக்குச் செலுத்தி ஆராய்ந்தார். கருப்பை அதனைப் பற்றி வைத்துக்கொண்டது. தசையோ அவ்வாறு செய்யவில்லை. கருப்பைக் கலங்களில் அந்த ஓமோனை ஏற்கும் புரதம் ஒன்று இருப்பது இதனால் புலனாயிற்று. அதுவே 'ஈஸ்ட்ரோஜன் வாங்கி' எனப்படுகின்றது. இதன் இரண்டாவது வகையை 1996இல் சுவீடன் விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். இவ்விரு வகைகளின் அளவும் இழையத்துக்கு இழையம் வேறுபடுகின்றது.

ஓமோனுடன் இணைந்த வாங்கி, கலத்தின் கருவினுள் மரபணுக்களை இயக்கவோ அடக்கவோ செய்கின்றது. எல்லாக் கலங்களிலும் மரபணுத் தொகுதி ஒன்றே. ஆனால் ஈரலில் திறந்திருக்கும் பகுதி என்பில் சுருண்டு மூடியிருக்கலாம். மூடிய பகுதியை வாங்கி எளிதில் அணுகமுடியாது. மாரி மழை குடாநாடெங்கும் ஒன்றாகவே பெய்கின்றது. எனினும் வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயம் விளைய, வடமராட்சி கிழக்கின் மணற்பரப்பில் பனையே ஓங்கி வளர்கின்றது அல்லவா? ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்படையை வளரச் செய்வதும், என்பின் தேய்வைத் தடுப்பதும், ஈரலில் குருதியுறைதற் காரணிகளைக் கூட்டுவதும் இவ்வாறே.

இனி மாத்திரைக்கு வருவோம். டமொக்சிபென் ஈஸ்ட்ரோஜனின் இடத்தில் தானே சென்று அமர்ந்து, வாங்கியின் வடிவத்தைச் சற்று மாற்றிவிடுகின்றது. மார்பகக் கலத்தில், அவ்வாறு மாறிய வாங்கியுடன் மரபணுவை அடக்கும் துணைப்புரதங்களே சேர்கின்றன. புற்றுநோயின் வளர்ச்சி தடைப்படுகின்றது. கருப்பைக் கலத்திலோ இயக்கும் துணைப்புரதங்கள் மிகுதி. ஆகவே அங்கு அதே மாத்திரை ஈஸ்ட்ரோஜனைப் போன்று தொழிற்படுகின்றது. அமெரிக்க ஆய்வாளர்கள் 2002இல் இதனை எடுத்துக்காட்டினர். மாதவிடாய் நின்ற பெண்களின் என்புகளுக்கு இம்மருந்தே காப்பாகவும் அமைகின்றது.

கருப்பைப் புற்றுநோய் அபாயம் சற்று அதிகரிப்பது உண்மையே. அது பெரும்பாலும் மாதவிடாய் நின்றோரையே சாரும். குருதி உறைதலும் அரிதாக ஏற்படலாம். ஆனால் ஈஸ்ட்ரோஜன் வாங்கியுள்ள மார்பகப் புற்றுநோய் மீண்டும் தலைதூக்குவதைத் தடுப்பதில் கிடைக்கும் நன்மை, பெரும்பாலான நோயாளருக்கு அந்த அபாயத்திலும் மிகப் பெரிது. மார்பகப் புற்றுநோய்களுள் ஏறத்தாழ முக்கால் பங்கு இவ்வகையினவே. வாங்கி இல்லாத புற்றுநோய்க்கு இம்மாத்திரை பயனளிப்பதில்லை. ஆதலால் அடுத்த வீட்டாரின் மருந்தை அளவுகோலாகக் கொள்ளுதல் தகாது.

இயல்புக்கு மாறான குருதிப்போக்கு, கால் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல் ஆகியன ஏற்படின் தாமதியாது வைத்தியரை நாடவேண்டும். விரத நாட்களிலும் றமழான் நோன்பு காலத்திலும் மாத்திரையைக் கைவிடவேண்டியதில்லை. பொதுவாக நாளுக்கு ஒரு தடவையே உட்கொள்ளப்படுவதால், உகந்த நேரத்தை வைத்தியரிடம் கேட்டு அமைத்துக்கொள்ளலாம்.

கிளினிக்குகளில் நெரிசல் மிகுதி என்பதை நாம் அறிவோம். எனினும் மாத்திரையோடு ஐந்து நிமிட விளக்கத்தையும் தாய்மொழியில் வழங்குவது சுகாதாரத் துறையினரின் கடமையாகும். நாணத்தால் வாய்மூடியிருக்கும் தாய்மாரும் சகோதரிகளும் கேட்கத் துணியவேண்டும். அரைகுறைச் செய்தியை நம்பி அரைவழியில் நிறுத்திய சிகிச்சைக்கு உயிரையே விலையாகக் கொடுக்க நேரிடலாம்.