பட்டினி கிடக்கும் பாம்புக்குப் பால் வேண்டாம்

காரைக்காலில் குரும்பகரம் பக்கம் கொல்லை வேலியிலும் கோழிக்கூட்டைச் சுற்றியும் பழைய நைலான் வலையைக் கட்டி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. எலியைத் துரத்திக்கொண்டு வரும் சாரை அதில் மாட்டிக்கொள்ளும். வலையை அறுத்து எடுத்த பிறகு, காயம் ஆறட்டும் என்று யாராவது இரக்கப்பட்டு அதைப் பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு மூடுவார்கள். ஒரு கிண்ணம் பால், உடைத்து ஊற்றிய முட்டை. மூன்றாம் நாள் புலம்பல் தொடங்கிவிடும்: "ஒண்ணுமே திங்க மாட்டேங்குதுங்க."

இதே புலம்பலை நகரத்தில் கண்ணாடித் தொட்டிக்குள் ஆப்பிரிக்கப் பாம்பு வளர்ப்பவரும் புலம்புகிறார். அவர் வளர்ப்பது பெரும்பாலும் 'பால் பைத்தான்' என்று விற்கப்படும் பந்து மலைப்பாம்பு. சட்டத்தின் கண்ணில் இந்த இரண்டு பாம்பும் வேறு வேறு. அதைப் பிறகு சொல்கிறேன். உடம்பின் கணக்கு மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

பட்டினி நோயல்ல

நமக்கு ஒரு வேளை தவறினால் தலை சுற்றும். பாம்புக்கு அப்படியில்லை. உடம்பைச் சூடாக வைத்திருக்க நாம் உணவை எரிக்கிறோம். பாம்பு அந்தச் சூட்டை வெயிலிலும் தரையிலும் வாங்கிக்கொள்கிறது. அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் நடந்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், பந்து மலைப்பாம்பு உட்பட மூன்று வகைப் பாம்புகளை ஏறக்குறைய ஆறு மாதம் உணவில்லாமல் வைத்துப் பார்த்தார்கள். சில பாம்புகள் உடலின் எரிசக்திச் செலவை 72 சதவீதம் வரை குறைத்துக்கொண்டன. நம் ஊர் மலைப்பாம்பில் தாய் இரண்டு மாதம் போல முட்டைகளைச் சுற்றிக் கிடந்து அடைகாக்கும். அதுவரை இரை எடுக்காது.

சட்டை உரிக்கும் முன் கண் வெளுத்து நீலம் பாயும். அந்த நாட்களிலும் பாம்பு இரையைத் திரும்பிப் பார்க்காது. இணைசேரும் பருவத்தில் ஆண் பாம்பு சாப்பாட்டை மறந்துவிடும். நன்கு வளர்ந்த பந்து மலைப்பாம்பு குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சும்மா இருப்பது வளர்ப்பவர்களுக்குப் பழகிய சங்கதி.

ஆகவே நாட்களை எண்ணாதீர்கள், எடையைப் பாருங்கள். இதற்கென்றே தனியாக வைத்த சிறு தராசில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிறுத்துக் குறித்து வைத்தால் போதும். பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம். குட்டிகளுக்கு இவ்வளவு அவகாசம் கிடையாது. அவற்றின் உடம்பில் சேமிப்பு குறைவு.

பாலும் முட்டையும்

பாலைச் செரிக்கப் பாம்பின் குடலுக்குத் தெரியாது. நாகபஞ்சமிக்குப் பால் குடித்ததே என்பீர்கள். பல நாள் தண்ணீர் காட்டாமல் அடைத்து வைத்த பாம்பு எந்த ஈரத்திலும் வாய் வைக்கும். அது பக்தியுமில்லை, பசியுமில்லை, வெறும் தாகம். முட்டை விஷயமும் அப்படித்தான். நல்ல பாம்பு முட்டையை முழுசாக விழுங்குவதுண்டு. தட்டில் ஊற்றிய மஞ்சள் கருவை நக்கித் தின்னும் பிராணி அது இல்லை. கவிழாத கனமான கிண்ணத்தில் சுத்தமான தண்ணீர் வையுங்கள். அது ஒன்றே போதும்.

முதலில் சூட்டைச் சரிபாருங்கள்

வளர்ப்புப் பாம்பு இரையை மறுத்தால், குறை பெரும்பாலும் தொட்டியில்தான் இருக்கும். பந்து மலைப்பாம்புக்குத் தொட்டியின் ஒரு முனை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறுமுனை 25 முதல் 27 வரை இருக்க வேண்டும். காரைக்கால் வெயிலில் என்ன கவலை என்று தோன்றும். மார்கழி, தை இரவுகளில் இங்கேயும் குளிர் இறங்குகிறது. போதாக்குறைக்கு ஏசி அறை. சூடு குறைந்தால் வயிற்றில் இருப்பது செரிக்காது, செரிக்காது என்று பாம்புக்கும் தெரியும். சூட்டுத் தகடு வைத்தால் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் வேண்டும். இல்லையென்றால் வயிறு வெந்துவிடும்.

அடுத்தது மறைவிடம். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. உடம்பு சுவரில் உரசும் அளவுக்கு ஒடுக்கமாக. விருந்தாளி வரும்போதெல்லாம் எடுத்துக் காட்டுகிற பாம்பு சாப்பிடாது. இரண்டு வாரம் கை வைக்காமல் விட்டுப் பாருங்கள்.

இரையை இரவில், விளக்கை அணைத்துவிட்டு வையுங்கள். உறைந்த எலியை முழுக்க உருக்கி, வெந்நீரில் வெதுவெதுப்பாக்கி இடுக்கியால் நீட்டினால் பல பாம்புகள் எடுத்துக்கொள்ளும். உயிருள்ள எலியை விட்டுவிட்டு நீங்கள் தூங்கப் போனால், காலையில் எலி பாம்பைக் கடித்திருக்கும். நம் டெல்டாக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: வயல் எலியைப் பிடித்துப் போடாதீர்கள். நெல் வயலில் துத்தநாக பாஸ்பைடு கலந்த பொரியைத் தின்ற எலியாக இருந்தால், அந்த விஷம் பாம்புக்கும் சேர்த்துத்தான்.

வாயைப் பிளக்காதீர்கள்

பெரிய கேடு வருவது வாயைப் பிளந்து ஊட்டும்போதுதான். பாம்பின் மூச்சுக்குழல் வாயின் அடித்தளத்தில், நாக்குக்கு மேலேயே திறக்கிறது. சிரிஞ்சில் ஊற்றும் பாலோ முட்டையோ அதில் இறங்கினால் நிமோனியா. திணிக்கும்போது பல் உடையும், ஈறு கிழியும், அந்தக் காயத்தில் கிருமி சேரும். நெடுநாள் பட்டினியில் இளைத்த உடம்புக்குள் ஒரேயடியாக இரையைத் தள்ளினால் ரத்தத்தின் உப்புச் சமநிலை குலைந்து சாகவும் கூடும். குழாய் வழியாக ஊட்டுவது மருத்துவர் கையால் நடக்க வேண்டிய வேலை.

எடை குறையாவிட்டாலும் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் சில உண்டு. ஈறு சிவந்து, ஓரத்தில் திரிந்த பால் போல மஞ்சள் கட்டி ஒட்டியிருந்தால் அது வாய்ப்புண். மூக்கில் குமிழி, வாயைத் திறந்து தலையை உயர்த்தி மூச்சு விடுதல் என்றால் நுரையீரல் தொற்று. தண்ணீர்க் கிண்ணத்தில் மிளகுத்தூள் தூவியது போல் புள்ளிகள் மிதந்தால் உண்ணி. காரைக்காலிலிருந்து போகக்கூடிய தூரத்தில் ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய மருத்துவர் யார் என்று அங்கே விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.

வீட்டில் இருப்பவர்களின் நலம்

பாம்பின் குடலில் சால்மோனெல்லா கிருமி இருப்பது சாதாரணம். பாம்பையோ தொட்டியையோ தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள் தள்ளியே இருக்கட்டும். பாம்பின் தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறையில் கழுவாதீர்கள். பிடித்த பாம்பு சாரைதான் என்று நினைத்துக் கை விட்டு, அது நல்ல பாம்பாக இருந்து கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, வாயால் உறிஞ்சுவது எல்லாம் வேண்டாம். கையை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து நேரே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

யார் வளர்க்கலாம்?

சாரை, நல்ல பாம்பு, மலைப்பாம்பு ஆகியவற்றைப் பிடித்து வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இரக்கத்தால் வைத்தேன் என்பது அங்கே எடுபடாது. பந்து மலைப்பாம்பு போன்ற வெளிநாட்டுப் பாம்பு என்றால் 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் கடத்திச் சென்னை விமான நிலையத்தில் பிடிபடும் குட்டிகளின் உறவு ஒன்று உங்கள் தொட்டியில் இருக்கிறதா என்று அறிய விற்றவரிடம் காகிதம் கேளுங்கள்.

சாப்பிடாத பாம்பை அலுத்துப்போய் அரசலாற்றங்கரையில் விட்டுவிடவும் கூடாது. அமெரிக்காவின் புளோரிடாவில் வளர்ப்புக் கூண்டுகளிலிருந்து வெளியேறிய பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அங்குள்ள பாலூட்டிகளைத் தின்று தீர்த்தன. அவற்றைப் பிடித்துக் கொடுக்க 2017-இல் நம் இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் கடல் கடந்து போக வேண்டியிருந்தது. இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

டிரம்மில் சாரையை வைத்திருப்பவர்கள் இன்றே வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லிவிடுங்கள். வலை அறுத்த காயத்துக்கு அவர்கள் மருந்து போட்டு வயலில் விட்டால், தனக்கான எலியை அது தானே தேடிக்கொள்ளும்.