ரொறன்ரோ நேரம் அதிகாலை இரண்டு

ரொறன்ரோவில் இருந்து சூரிச்சுக்குப் போகும் இரவு விமானம் நம்மவர்களுக்கு ஓர் உறவுப் பாதை. ரொறன்ரோவை அடுத்த ஸ்ரௌவ்வில்லிலோ மார்க்கம் நகரிலோ இருப்பவருக்கு சுவிசில் ஒரு மச்சாளோ சித்தப்பாவோ இல்லாமல் இருப்பது அரிது. 2011 ஜனவரி 13 இரவு பியர்சன் விமான நிலையத்தில் இருந்து கிளம்பிய எயர் கனடா 878 அந்தப் பாதையில் போன ஒரு போயிங் 767. பயணிகள் 95 பேர், பணியாளர்கள் 8 பேர்.

ரொறன்ரோ நேரம் அதிகாலை 1.55. அத்திலாந்திக்கின் நடுப்பகுதி, உயரம் 35,000 அடி. துணை விமானி சற்று முன்புதான் தன் இருக்கையிலேயே தூங்கி எழுந்திருந்தார். அது களவுத் தூக்கம் அல்ல. ஒருவர் பறக்கையில் மற்றவர் கண்ணயர கனடாவில் அனுமதி உண்டு. ஆனால் அப்போதைய விதிப்படி 40 நிமிடத்துக்கு மேல் கூடாது. எழுந்தபின் 15 நிமிடம் எந்த வேலையும் கொடுக்கக் கூடாது. அன்றைக்கு அவர் தூங்கியது ஏறக்குறைய 75 நிமிடம்.

எதிர்த்திசையில் அமெரிக்க விமானப்படையின் சி-17 ஒன்று 34,000 அடியில் வந்துகொண்டிருந்தது. இடைவெளி ஆயிரம் அடி. அந்தக் கடலின் மேல் அது வழமையான, பாதுகாப்பான இடைவெளி. தலைமை விமானி அதைச் சொன்னார். துணை விமானி வெளியே பார்த்தார். ஒரு பெரிய வெளிச்சம் தெரிந்தது. ஆனால் அது வெள்ளிக் கிரகம். அந்த ஜனவரியில் வெள்ளி விடிவெள்ளியாக, மிகப் பிரகாசமாக இருந்தது. கிழக்கே பறப்பவருக்கு விடிவதற்கு முன் எதிரே நிற்கும். நம் மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக நேரம் பார்த்த அதே வெள்ளிதான். அது இல்லை, மற்றது கீழே வருகிறது என்று தலைமை விமானி திருத்தினார். அதன் பிறகே உண்மையான சி-17 கண்ணில் பட்டது. அது மேலிருந்து தங்கள் மீது இறங்குவதாகத் துணை விமானிக்குத் தோன்றியது. மோதலைத் தவிர்ப்பதாக எண்ணிக் கட்டுப்பாட்டுத் தண்டை முன்னே தள்ளினார். விமானம் மூக்கைக் கவிழ்த்தது, அந்த சி-17 உண்மையில் இருந்த உயரத்தை நோக்கி.

தலைமை விமானி இழுத்து நிமிர்த்தினார். எல்லாம் 46 விநாடிக்குள் முடிந்தது. இருக்கைப் பட்டி போடாமல் உறங்கியவர்கள் கூரையில் மோதி விழுந்தார்கள். பயணிகள் 14 பேரும் பணியாளர் இருவரும் காயமடைந்தார்கள். பட்டி போடச் சொல்லும் விளக்கு அப்போது எரிந்துகொண்டுதான் இருந்தது.

துணை விமானி கண்ட பொருள்கள் இரண்டுமே அங்கே இருந்தன. கண்ணில் குறை இல்லை. கண்டதற்குப் பொருள் சொல்லும் இடத்தில்தான் பிழை. தூக்கத்தின் முதல் அரை மணி பெரும்பாலும் மேலோட்டமானது. அதைத் தாண்டினால் மூளை மெதுவான, நீண்ட அலைகளுக்குள் இறங்கி ஆழ்ந்துவிடுகிறது. 40 நிமிட வரம்பின் நோக்கமே அந்த ஆழத்துக்குப் போகுமுன் எழுப்பிவிடுவது. ஆழத்தில் இருந்து எழுப்பினால் மூளை மொத்தமாக எழுவதில்லை. 2002இல் வெளியான ஓர் ஆய்வு, விழித்து ஐந்தாவது நிமிடத்திலும் இருபதாவது நிமிடத்திலும் மூளையின் இரத்த ஓட்டத்தை அளந்து பார்த்தது. மூளைத்தண்டும் அதை ஒட்டிய ஆழமான பகுதிகளும் உடனே விழித்துக்கொள்கின்றன. நெற்றிக்குப் பின்னால், ஆராய்ந்து முடிவெடுக்கும் பகுதி பிந்தி வருகிறது. அந்த இடைவேளையில் கை வேலைக்கு வந்துவிடும், நிதானம் வந்திருக்காது. எதிரே ஒரு விமானம் விநாடிக்கு அரைக் கிலோமீற்றர் வேகத்தில் நெருங்கும்போது கை நிதானத்துக்காகக் காத்திராது.

மங்களூரில் 2010 மே 22 காலை நடந்ததிலும் இந்தக் கலக்கத்தின் சாயல் உண்டு. துபாயில் இருந்து வந்த எயர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தின் தலைமை விமானி, இரண்டு மணி நேரச் சொச்சம் ஓடிய குரல்பதிவின் முதல் 1 மணி 40 நிமிடம் தூங்கியிருந்தார். குறட்டை ஒலி அதில் இருந்தது. எழுந்து சிறிது நேரத்திலேயே தரையிறக்கம். துணை விமானி மீண்டும் மேலெழும்பச் சொல்லியும் இறக்கினார். 158 பேர் இறந்தார்கள்.

தூங்கவே தூங்காவிட்டால்? 2017 ஜூலை 7 இரவு ரொறன்ரோவில் இருந்து சான் பிரான்சிஸ்கோ போன எயர் கனடா 759 அதற்கு விடை. அங்கே மணி இரவு 11.56. விமானிகளின் உடலுக்கோ ரொறன்ரோ நேரம், அதிகாலை 2.56. இரண்டு முதல் ஆறு மணி வரை உடல்வெப்பம் தாழ்ந்து விழிப்பும் தாழும் வேளை. தலைமை விமானி விழித்து 19 மணி நேரத்துக்கு மேலாகியிருந்தது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் திறன், இரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவரின் திறனுக்குச் சமமாகச் சரிகிறது என்று 1997இலேயே அளந்திருக்கிறார்கள்.

சான் பிரான்சிஸ்கோவில் பக்கம் பக்கமாக இரண்டு ஓடுபாதைகள். அன்றிரவு இடதுபாதை மூடப்பட்டு விளக்கணைந்து கிடந்தது. அந்த அறிவிப்பு விமானிகளுக்குக் கொடுத்த 27 பக்கக் கட்டில் எட்டாம் பக்கத்தில் இருந்தது. அவர்கள் மனம் இரண்டு ஓடுபாதைகளை எதிர்பார்த்தது. கீழே வெளிச்சக் கோடுகளும் இரண்டு தெரிந்தன. வலப்பக்கக் கோட்டில் இறங்கினால் சரி. ஆனால் அந்த வலக்கோடு ஓடுபாதையே அல்ல. விமானங்கள் புறப்பட ஊர்ந்து போகும் பக்கப்பாதை. நான்கு விமானங்கள் எரிபொருளும் பயணிகளுமாக அதில் வரிசையில் நின்றன. பாதையில் ஏதோ விளக்குகள் தெரிகின்றன, இறங்கலாமா என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்தைக் கேட்டார்கள். உங்கள் ஓடுபாதையில் யாரும் இல்லை என்று பதில் வந்தது. அது உண்மைதான். துணை விமானி அந்த நேரத்தில் குனிந்து கருவிகளைச் சரிசெய்துகொண்டிருந்தார். இரண்டாவது சோடிக் கண்கள் வெளியே இல்லை. நின்ற விமானம் ஒன்றின் விமானிகள் தங்கள் முன்விளக்கைப் போட்டார்கள். 759 மேலெழும்பியபோது தரையில் இருந்து அதன் மிகக் குறைந்த உயரம் 60 அடி. கீழே நின்றவற்றில் ஒன்று ஏ340. அதன் வால் உயரம் 55 அடிக்கு மேல்.

கனடாவின் பழைய விதியில் பணிநேர வரம்பு 14 மணி. பகலா இரவா என்ற கணக்கே இல்லை. 2018 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு, பெரிய நிறுவனங்களுக்கு 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த விதி, வேலை எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று பார்த்து 9 முதல் 13 மணி நேரம் வரை வரம்பு வைக்கிறது. உடலுக்குள் ஒரு மணிக்கூடு இருக்கிறது என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்ள இத்தனை காலம் எடுத்ததுதான் எனக்கு வியப்பு. அந்த வரம்பும் எண்ணுவது வேலை நேரத்தை. விழித்த நேரத்தை அல்ல. 759இன் தலைமை விமானி அன்று அழைப்புக்குக் காத்திருந்தவர். காலையில் எழுந்ததில் இருந்து வேலைக்கு வந்தது வரையான மணிகள் அவர் உடலில் ஏறியிருந்தன. அந்தக் கணக்கை இன்றைக்கும் விமானிதான் சொல்ல வேண்டும்: முடியாது, நான் களைத்திருக்கிறேன் என்று, புறப்படுவதற்கு முன், தானே வாய் திறந்து.