ஷீட்டுக்குள் இருக்கும் நார் எது?

மொட்டை மாடியில் ஓர் அறை எழுப்பினாலும், மாட்டுக்கொட்டகை போட்டாலும், கடைக்கு முன்னால் தாழ்வாரம் இறக்கினாலும் நம் வாயில் முதலில் வருவது ‘ஆஸ்பெஸ்டாஸ்’ என்ற சொல்தான். சாம்பல் நிறத்தில் மேடும் பள்ளமுமாக இருக்கும் எந்த ஷீட்டுக்கும் அதுவே பெயராகிவிட்டது. உண்மையில் அது ஷீட்டின் பெயரல்ல, உள்ளே இருக்கும் நாரின் பெயர்; தமிழில் கல்நார். ஆஸ்திரியாவைச் சேர்ந்த லுட்விக் ஹாட்செக், காகிதம் செய்யும் முறையைத் தழுவி, சிமெண்ட் குழம்பில் கல்நாரைக் கலந்து மெல்லிய கூரைத் தகடுகள் செய்தார். 1901-ல் காப்புரிமையும் வாங்கினார். வெறும் சிமெண்டை அத்தனை மெல்லிசாக வார்த்தால் அப்பளம்போல நொறுங்கும். அதை இழுத்துப் பிடிக்கத்தான் நார். இன்றைய ஷீட்டிலும் கல்நார் சுமார் பத்தில் ஒரு பங்குதான். அந்த ஒரு பங்கின் வேலையைச் செயற்கை இழையும் மரக்கூழும் செய்யும் என்பது நிரூபணமாகி, அப்படிப்பட்ட ஷீட் இந்தியச் சந்தைக்கும் வந்துவிட்டது. அதன் பிறகும் புதிதாகப் போடும் கூரைக்குக் கல்நார் ஷீட்டை வாங்க ஒரு நல்ல காரணமும் எனக்குத் தெரியவில்லை.

கல்நார் எந்த வகையானாலும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பின் முடிவு. நம் ஷீட்டில் இருக்கும் வெள்ளைக் கல்நாரும் அதில் அடக்கம். பிரிட்டனில் 1999-லும், ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2005-லும் இதற்குத் தடை வந்தது. இந்தியாவில் கல்நாரைப் புதிதாகத் தோண்டி எடுக்க அனுமதி இல்லை. ஆனால் ரஷ்யா போன்ற நாடுகளிலிருந்து இறக்குமதி செய்து ஷீட் போடலாம். சொந்த மண்ணில் தோண்ட ஆபத்தானது, வீட்டுக் கூரையில் ஏற்ற உகந்தது என்ற கணக்கு விசித்திரமானது. இலங்கை கல்நாரை ஒதுக்கிவைக்க முயன்றபோது நடந்தது அதைவிட விசித்திரம். 2017 டிசம்பரில், தேயிலைச் சரக்கில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. கொழும்பு தன் கல்நார்க் கட்டுப்பாட்டைத் தள்ளிப்போட்டது. தேயிலைக்கு வழி திறந்தது.

சிமெண்டுக்குள் இறுகிப்போன நார் எப்படி வெளியே வரும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அசையாமல் கிடக்கும் முழு ஷீட்டிலிருந்து கொட்டுவது மிகக் குறைவு. ஆனால் எந்த ஷீட்டும் வந்த அளவிலேயே பொருந்துவதில்லை. சுவரோரம் ஒரு சாண் மிஞ்சும். கட்டிங் மெஷினை வைத்து இழுப்பார்கள். பிறகு மேட்டுக்கு மேடு டிரில் போட்டு ஜே போல்ட் இறக்குவார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் பறக்கும் வெள்ளைப் புழுதிதான் விஷயம். இந்த வேலையைச் செய்யும் வெல்டருக்குப் பாதுகாப்பு, முகத்தில் கட்டிய துண்டுதான். கண்ணுக்குத் தெரியாத நாருக்கு அது வலை வீசித் தண்ணீர் பிடிக்கிற கதை. கல்நார் ஆலைத் தொழிலாளரின் உடல்நலப் பதிவேட்டை, வேலையில் சேர்ந்த நாள் முதல் குறைந்தது 40 ஆண்டுகள் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் உத்தரவிட்டது. நோய் தலைகாட்ட அத்தனை காலம் ஆகலாம் என்பதால்தான் அந்தக் கணக்கு. ஊர் ஊராக ஷெட் போடுபவருக்குப் பதிவேடு ஏது? ‘தாத்தா காலத்திலிருந்து இதன் கீழேதானே இருக்கிறோம்’ என்பதும், நோய் இத்தனை தாமதமாக வருவதாலேயே, சாட்சியாகாது. கஜா புயல் கூரைகளை உடைத்துச் சிதறடித்ததை 2018-ல் டெல்டா பார்த்தது. உடைந்த ஷீட் ‘அசையாமல் கிடக்கும் முழு ஷீட்’ அல்ல.

அப்படியானால் தகரம் போடலாமே என்றால், கடலோரத்தில் துரு, மழையில் காது கிழியும் சத்தம், வெயிலில் அனல். சிமெண்ட் ஷீட்டை மக்கள் விரும்பியது தவறல்ல. கல்நார் இல்லாத ஷீட்டிலும் அந்த அனுகூலங்கள் உண்டு. விலை கூடுதல்தான். ஆனால் கூரைச் செலவு என்பது ஷீட் மட்டுமா? இரும்பு பைப், வெல்டிங், போல்ட், முகடு, கூலி எல்லாம் எந்த ஷீட்டானாலும் அதேதான். வித்தியாசத்தை மொத்தச் செலவோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

வலுவான ஆட்சேபம் வேறு: கல்நார் இல்லாதது விரிசல் விடும் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. மரக்கூழ் கலந்த ஷீட் ஈரத்தில் சற்று விரியும், வெயிலில் சுருங்கும். கல்நார் ஷீட்டைவிட அசைவு அதிகம். ஆகவே பழைய கைப்பழக்கம் இங்கே செல்லாது. துளையை மேட்டில்தான் போட வேண்டும், பள்ளத்தில் போட்டால் ஒழுகும். துளை போல்ட்டைவிட 2 மி.மீ.யாவது பெரிதாக இருக்கட்டும். ஆணி அடித்து ஓட்டை போடவே கூடாது. தார் வாஷர் படியும் அளவுக்கு முறுக்கினால் போதும். ‘கிர்ர்’ என்று இறுக்கிவிட்டால் ஷீட் அசைய இடமின்றி அந்தப் போல்ட்டிலிருந்தே கோடு விடும். நான்கு ஷீட் கூடும் மூலையில் இரண்டின் முனையைக் குறுக்காக வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் மேலேறி நிற்கும் ஷீட்டின் பாரம் விளிம்பில் விழும். குறுக்குச் சட்டங்களின் இடைவெளிக்குத் தயாரிப்பாளர் சொல்லும் அளவே எல்லை. ஒரு பைப்பை மிச்சப்படுத்தி இடைவெளியைக் கூட்டுவது வீண் சிக்கனம். எந்த ஷீட்டானாலும் நேரே மேலே ஏறி நடக்கக் கூடாது, பலகை போட்டுத்தான் ஏற வேண்டும். கல்நார் இல்லாத ஷீட்டையும் நனைத்தே அறுக்க வேண்டும், ஏனெனில் சிமெண்ட் தூசியும் நுரையீரலுக்கு நல்லதல்ல.

ஏற்கெனவே தலைக்கு மேல் இருப்பதைப் பதறிக்கொண்டு பிரிக்க வேண்டாம். உடையாமல் இருந்தால் சுரண்டாமல், பிரஷ் போட்டுத் தேய்க்காமல் விட்டுவிடலாம். பிரிக்கும் நாளில் நன்றாக நனைத்து, போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்குங்கள். உடைந்த துண்டைக் கோழிக்கூண்டுக்கோ பள்ளம் நிரப்பவோ பயன்படுத்தாதீர்கள்.

புதிதாக வாங்கும்போது ‘ஃபைபர் சிமெண்ட்’ என்ற பெயரை மட்டும் நம்பிவிட வேண்டாம்; கல்நார் ஷீட்டும் அந்தப் பெயரில் விற்பனையாகிறது. ஷீட்டில் ஐ.எஸ். 459 என்று இருந்தால், அது கல்நார் சிமெண்ட் ஷீட்டுக்கான தர எண். ‘கல்நார் இல்லாதது’ என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.